பழைய வேட்டி, பட்டர் பேப்பர், அட்டைப்பெட்டி... கடலூர் வெயிலை வடிகட்ட சில்லறைச் செலவு போதும்!

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நின்று குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். பின்னால் கடல் அழகாக இருக்கும். முன்னால் நிற்கிற மனுஷங்கதான் சரியாக இருக்க மாட்டார்கள். கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புக் குழி, மூக்குக்குக் கீழே மீசை மாதிரி ஒரு நிழல், நெற்றியில் பளபளவென்று ஒரு வெள்ளைத் திட்டு. வெயிலுக்குக் கண் கூசி எல்லோருமே கோபமாக இருப்பதுபோல ஒரு முகபாவம். "போன் பழசாயிடுச்சு, கேமரா நல்லால்ல, மாத்தணும்" என்று வீட்டுக்கு வருகிற வழியிலேயே பேச்சு தொடங்கிவிடும்.

போனை மாற்றினாலும் அதே நெற்றி, அதே திட்டுதான் வரும். மாற்ற வேண்டியது வெளிச்சத்தை. அதற்குப் பெரிய முதலீடு எதுவும் வேண்டாம். பரணில் கிடக்கிற வெள்ளை வேட்டி, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற பட்டர் பேப்பர், எலெக்ட்ரிக்கல் கடையில் வாங்குகிற பி.வி.சி பைப், இவை போதும். ஸ்டூடியோக்காரர்கள் 'டிஃப்யூஸர்' என்று சொல்லும் சமாசாரத்தை ஒரு மதிய நேரத்தில் வீட்டிலேயே செய்துவிடலாம்.

வெயில் ஏன் முகத்தைக் கெடுக்கிறது?

சூரியன் பெரியதுதான். அதன் விட்டம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால், அது 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் நம் வானத்தில் அது அரை டிகிரி அகலமுள்ள சின்னப் புள்ளி. கையை நீட்டி சுண்டு விரலைக் காட்டினால் மறைந்துவிடுகிற அளவு. வெளிச்சம் ஒரு சின்னப் புள்ளியிலிருந்து வந்தால் நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல விழும். அதே வெளிச்சம் ஒரு பெரிய பரப்பிலிருந்து, பல பக்கங்களிலிருந்தும் வந்தால், ஒரு பக்கம் விழுகிற நிழலை இன்னொரு பக்கத்து வெளிச்சம் நிரப்பிவிடும். நிழல் இருக்கும், ஆனால் ஓரம் கரைந்துபோயிருக்கும். மேகம் மூடிய நாளில் எடுத்த போட்டோக்களில் முகம் நன்றாக இருப்பதற்கு இதுதான் காரணம். மேகம் என்பது வானம் முழுக்கக் கட்டிய வேட்டி.

ஆக, விஷயம் வெளிச்சத்தைக் குறைப்பதில் இல்லை, பெரிதாக்குவதில் இருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், கீழே சொல்கிற எல்லாமே தானாகப் புரிந்துவிடும். எதை வாங்க வேண்டாம் என்பதும் புரியும்.

கடலூர், சிதம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து பதினொன்றரை டிகிரி வடக்கேதான் இருக்கிறது. ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். கம்பத்துக்குக்கூட நிழல் விழாத 'நிழலில்லா நாள்' அது. சித்திரை, வைகாசி கல்யாண சீசன் முழுக்க வெயில் ஏறத்தாழ தலைக்கு மேலிருந்துதான் இறங்கும். புருவத்தின் நிழல் நேராகக் கண்ணில் விழும். ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டு யூடியூபில் "மதிய வெயில்லயும் போர்ட்ரெய்ட் எடுக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், அவர் ஊர் மதியமும் நம் ஊர் மதியமும் ஒன்றல்ல என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் பிரச்னையே இல்லை

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். நம்மில் பெரும்பாலானவர்கள் மாநிறம், கறுப்பு. கடலோர ஊர் என்பதால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயவே காயாது. அப்படி ஈரமான முகத்தில் நேர் வெயிலோ, நேர் ஃபிளாஷோ விழுந்தால் நெற்றி, மூக்கு நுனி, கன்னத்து மேடு மூன்றும் கண்ணாடிபோல வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். அந்த மூன்று இடமும் வெள்ளை, மற்ற இடமெல்லாம் இருட்டு. பார்த்தவுடன் "நான் போட்டோல கறுப்பா தெரியுறேன்" என்று அந்தப் பெண் சொல்வார். உடனே போட்டோகிராபர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகத்தை வெளுக்க வைப்பார். ஆல்பம் வரும்போது மணப்பெண்ணின் முகம் ஒரு நிறம், கை இன்னொரு நிறம். இருபது வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகள் பார்க்கப்போகும் படத்தில் பாட்டியின் சொந்த நிறமே இருக்காது.

இங்கே தப்பு தோலில் இல்லை, விளக்கின் அளவில். பெரிய, பரவலான வெளிச்சம் பட்டால் அதே ஈரமான கன்னத்தில் வெள்ளைத் திட்டுக்குப் பதிலாக ஒரு மெல்லிய பளபளப்பு நீளமாகப் படரும். கன்னத்தின் வளைவு, தாடையின் கோடு, எல்லாம் தெரியும். கறுப்புத் தோலுக்கு அது ஒரு தனி அழகு. வெளுத்த தோலில் நிழல்தான் உருவத்தைக் காட்டும். கறுத்த தோலில் அந்த வேலையில் பாதியை இந்தப் பளபளப்பே செய்கிறது. அதனால் டிஃப்யூஸர் யாருக்கு ரொம்பத் தேவை என்று கேட்டால், நமக்குத்தான்.

ஒரு சின்ன விஷயம். படம் எடுப்பதற்கு முன் முகத்தைப் பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். பவுடர் அப்ப வேண்டாம். வியர்வையோடு சேர்ந்தால் அது சாம்பல் பூத்ததுபோலத் தெரியும்.

துணி கட்டிய கேமராமேன்கள்

"வேட்டியில வெளிச்சமா?" என்று சிரிக்க வேண்டாம். உலக சினிமா இந்த வழியில்தான் வந்தது. சத்யஜித் ரேயின் 'அபராஜிதோ' 1956-ல் வெளியானது. காசியில் இருப்பதுபோன்ற ஒரு வீட்டு முற்றத்தை கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் செட் போட்டார்கள். முற்றத்துக்குள் வானத்திலிருந்து இறங்குகிற நிழலில்லாத வெளிச்சம் வேண்டும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா என்ன செய்தார் தெரியுமா? செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழேயிருந்து விளக்குகளை அதன்மேல் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சமே வானமாகிவிட்டது. இன்று 'பவுன்ஸ் லைட்டிங்' என்று சொல்லிக்கொடுக்கப்படுகிற முறைக்கு முன்னோடியான வேலை அது.

நம் தமிழ் சினிமா செட்டுக்குப் போனாலும் இதையேதான் பார்ப்பீர்கள். ஃபிரேமில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணிக்கு அங்கே 'ஸ்கிம்மர்' என்று பெயர். ஜன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டியிருப்பார்கள். முகத்துக்குக் கீழே ஒருவர் தெர்மாகோல் பிடித்துக்கொண்டு நிற்பார். கோடிக்கணக்கில் கேமரா வாடகை கொடுத்தாலும், நட்சத்திரத்தின் முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது என்னவோ துணியும் பேப்பரும்தான்.

வெளிச்சத்துக்கும் கண்ணுக்கும் நடுவே துணி என்றதும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு வடலூர் ஞாபகம் வரும். சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை விலக்கித்தான் ஜோதி காட்டுவார்கள். அங்கே திரை விலகினால்தான் தரிசனம். நமக்குத் திரை கட்டினால்தான்.

வேட்டி ஸ்கிம்மர் செய்யலாம் வாங்க

நாலு முழம் வேட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பல தடவை துவைத்து மெலிந்த பருத்தி வேட்டியாக இருந்தால் ரொம்ப நல்லது. புது வேட்டியில் கஞ்சி இருக்கும். ஒரு முறை அலசிவிடுங்கள். பாலியஸ்டர் கலந்தது என்றாலும் வேலை செய்யும், மினுமினுப்பு இல்லாமல் இருந்தால் சரி. காடா துணி மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். அதன் பழுப்பு நிறம் முகத்தில் அப்படியே இறங்கும்.

அரை இன்ச் பி.வி.சி பைப், பத்தடி நீளத்தில் இரண்டு. ஒவ்வொன்றையும் ஐந்து அடி, மூன்றரை அடி என்று வெட்டினால் மீதி ஒன்றரை அடி இருக்கும். நான்கு எல்போ போட்டு இணைத்தால் ஐந்துக்கு மூன்றரை அடி சட்டம் தயார். சொல்யூஷன் போட்டு ஒட்டிவிட வேண்டாம்; அழுத்திச் செருகினாலே நிற்கும், வேலை முடிந்ததும் பிரித்துக் கட்டிப் பையில் போட்டுக்கொள்ளலாம். மீதமுள்ள இரண்டு ஒன்றரை அடித் துண்டுகளைச் சட்டத்தின் இரு பக்கமும் கயிற்றால் கட்டினால் கைப்பிடி.

வேட்டியின் கரையை வெளியே மடித்துவிடுங்கள், அல்லது வெட்டிவிடுங்கள். பச்சைக் கரை இருந்தால் முகத்தின் ஒரு ஓரத்தில் பச்சை தெரியும். துணியை முரசுத் தோல்போல இழுத்து, சட்டத்தைச் சுற்றி மடித்து, துணி காயப்போடும் கிளிப்பால் கவ்விவிடுங்கள். தையல் மெஷின் இருந்தால் நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்துத் தைத்துவிடலாம். மாட்டவும் கழற்றவும் சுலபம். நீளத்தில் கொஞ்சம் துணி மிச்சம் வரும். தூக்கிப் போடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது. பைப், எல்போ, கிளிப் எல்லாம் சேர்த்தே சில நூறு ரூபாயைத் தாண்டாது.

துணி சரியானதுதானா என்று பார்க்க ஒரு வழி. வெயிலில் சட்டத்தைப் பிடியுங்கள். அதன் நிழல் விழுகிற தரையிலிருந்து ஒரு அடி மேலே உங்கள் கையை நீட்டுங்கள். தரையில் விரல்களின் நிழல் தனித்தனியாக, ஓரம் தெரிகிற மாதிரி விழுந்தால் துணி மெல்லியது. வெயில் துணிக்குள் நேராகப் புகுந்து வருகிறது. இரண்டாக மடித்துப் போடுங்கள். கை நிழல் ஒரு புகைபோலக் கலங்கித் தெரிந்தால் சரியான துணி. நிழலே தெரியாமல் இருட்டிவிட்டால், அது டிஃப்யூஸர் இல்லை, போர்வை.

எப்படிப் பிடிப்பது? முகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், படத்துக்குள் விழாத அளவுக்கு. ஐந்து அடி ஸ்கிம்மரை மூன்று, நாலு அடி தூரத்தில் பிடித்தால் அது முகத்துக்குப் பெரிய ஜன்னல். அதையே பதினைந்து அடி தள்ளி வைத்தால் மறுபடி சின்ன விளக்குதான். விலை உயர்ந்த சாஃப்ட் பாக்ஸ் வாங்கி மண்டபத்தின் மூலையில் வைத்துவிட்டு "வெளிச்சம் சாஃப்ட்டாவே இல்லையே" என்று புலம்புகிறவர்கள் செய்வது இதைத்தான்.

இன்னொரு விஷயத்தைப் பலரும் சொல்வதில்லை. ஸ்கிம்மரின் நிழல் ஆளின் மீது விழுகிறது, பின்னணியில் விழுவதில்லை. துணி பாதி வெளிச்சத்தைத் தின்றுவிட்டால், ஆளைவிடப் பின்னணி இரண்டு மடங்கு பிரகாசமாகிவிடும். முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் பின்னால் கடல் வெளுத்துப்போகும். அதனால் பீச்சில் கடலைப் பின்னணியாக வைக்காமல், சவுக்குத் தோப்பு, படகின் நிழல் பக்கம், சுவர் மாதிரி கொஞ்சம் இருண்ட பின்னணியாகப் பாருங்கள். கடல்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், மதியத்தை விட்டுவிட்டு மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். நம் கடற்கரை கிழக்கு பார்த்தது. மாலையில் சூரியன் ஊர்ப் பக்கம் சாய்ந்து, கடலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகத்தில் தாழ்ந்து விழும். கண் கூசினால் ஸ்கிம்மரை முன்னால் நிறுத்திக்கொள்ளலாம்.

பீச்சில் இந்தச் சட்டத்தைத் தனியாக நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள். கடல் காற்றுக்கு இது பாய்மரம். ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு லிட்டர் பாட்டில்களில் மணல் நிரப்பி அடியில் கட்டுங்கள். குழந்தைகள் பக்கத்தில் விளையாடும் இடத்தில் பாட்டிலை நம்ப வேண்டாம், ஆளையே நிறுத்துங்கள்.

முகத்துக்குக் கீழே வெளிச்சம் திருப்ப தெர்மாகோல் நல்லதுதான். ஆனால், கடற்கரைக்கு எடுத்துப்போனால் உதிர்ந்து மணி மணியாகக் கடலுக்குப் போகும். வெள்ளை சன்பேக் ஷீட் உதிராது, மழையிலும் நனையலாம். அதுவும் இல்லையா, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரை எதிரில் நிற்கச் சொல்லுங்கள்!

வீட்டிலிருந்து விற்பவர்களுக்கு ஒரு பெட்டி

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் பொருள் விற்கிறவர்களுக்கு முகத்தைவிட முக்கியம் இது. விருத்தாசலம் பீங்கான் பொம்மை, பண்ருட்டி முந்திரி, கொலு பொம்மை, கவரிங் நகை... எதுவானாலும் வாடிக்கையாளர் தொட்டுப் பார்க்க முடியாது. போட்டோதான் கடை. டைனிங் டேபிளில் வைத்து டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்த படத்தில் பீங்கான் பொம்மையின் வயிற்றில் ஒரு வெள்ளைக் கோடும், அதற்குள் போனைப் பிடித்தபடி நீங்களும் தெரிவீர்கள். பார்க்கிறவர் விலையைக் கேட்காமலே அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

மளிகைக் கடையில் ஒன்றரை அடி அளவு அட்டைப்பெட்டி ஒன்று கேட்டு வாங்குங்கள். திறப்பு உங்களைப் பார்த்திருக்கும்படி படுக்க வையுங்கள். இடது, வலது, மேல் என்று மூன்று பக்கத்திலும் ஓரத்தில் ஒன்றரை இன்ச் விட்டு ஜன்னல் வெட்டுங்கள். அந்த ஜன்னல்களில் பட்டர் பேப்பரை ஒட்டுங்கள். பேப்பர் கிடைக்கவில்லையென்றால் மிச்சம் வைத்த வேட்டித் துணி இருக்கிறதே! இட்லித் துணிகூடப் போதும், மஞ்சள் கறை இல்லாமல் இருந்தால். உள்ளே ஒரு வெள்ளை சார்ட் பேப்பரைப் பின்சுவரின் மேலிருந்து தரை வரை வளைத்து விடுங்கள். மடிக்கக் கூடாது, வளைவாக இறங்க வேண்டும். அப்போதுதான் பொருளுக்குப் பின்னால் மூலைக்கோடு தெரியாது.

வெளியே இரண்டு பக்கமும் ஒன்பது வாட் எல்.இ.டி பல்பு ஒவ்வொன்று, பேப்பரிலிருந்து அரை அடி தள்ளி. ரொம்ப ஒட்டி வைத்தால் பேப்பரின் நடுவில் மட்டும் வெளிச்ச வட்டம் விழும். முழு ஜன்னலும் ஒரே சீராக வெளுத்துத் தெரிகிற தூரம்தான் சரியான தூரம். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறமாக இருக்கட்டும். ஒன்று மஞ்சள், இன்னொன்று வெள்ளை என்றால் எந்த ஆப்பாலும் சரிசெய்ய முடியாது. அறையின் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். படத்தில் வரி வரியாகக் கறுப்புக் கோடு ஓடினால், போனின் 'புரோ' மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வையுங்கள். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். பல பல்புகள் நொடிக்கு 100 தடவை கண்ணுக்குத் தெரியாமல் சிமிட்டுகின்றன. ஷட்டர் அந்தத் தாளத்தோடு பொருந்தினால் கோடு போய்விடும்.

பளபளப்பான பொருளுக்கு இன்னொரு பாடம் உண்டு. பித்தளை விளக்கோ, பஞ்சலோக நடராஜரோ, வெள்ளிக் கொலுசோ... இவற்றுக்கென்று சொந்த முகம் கிடையாது. சுற்றி இருப்பதைத்தான் காட்டும். சுற்றிலும் வெள்ளை என்றால் உலோகமும் வெள்ளையாகி, பிளாஸ்டிக்போலச் செத்துப்போகும். கறுப்பு சார்ட்டில் இரண்டு இன்ச் அகலத்துக்குப் பட்டை வெட்டி, படத்தில் விழாமல் பொருளின் இரு பக்கமும் நிறுத்துங்கள். உடனே ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு ஓடி, நடராஜரின் தூக்கிய திருவடிக்கும் திருவாசிக்கும் உருவம் வந்துவிடும். இந்தக் கறுப்புப் பட்டை இல்லாத லைட் பாக்ஸ் பாதிப் பெட்டிதான். கடையில் ரெடிமேடாக விற்பதில் இது இருக்காது.

பெட்டிக்கு முன்னால் நிற்கிற நீங்கள் தெரியாமலிருக்க, ஒரு வெள்ளை அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாக எடுங்கள். மோதிரம், மூக்குத்தி மாதிரி சின்னப் பொருளுக்குப் பெட்டிகூட வேண்டாம். பால்போல வெளுத்த பிளாஸ்டிக் ஐஸ்க்ரீம் டப்பாவைக் கவிழ்த்து, அடிப்பாகத்தில் ஓட்டை போட்டு, உள்ளே நகையை வைத்து மேலிருந்து எடுத்தால் போதும்.

முந்திரிக்கு மட்டும் இந்தப் பெட்டி சரிவராது. எல்லா பக்கமும் வெளிச்சம் விழுந்தால் பருப்பு தட்டையாகிவிடும். ஒரு பக்கத்து பல்பை அணைத்துவிடுங்கள். சாப்பாட்டுக்கும் அப்படித்தான். இட்லியும் கொத்சும் எடுக்கிறீர்கள் என்றால், பக்கத்து ஜன்னலில் வேட்டித் துணியைக் கட்டி, ஒரே பக்கத்து வெளிச்சத்தில் எடுங்கள். இட்லியின் மிருது தெரிய நிழல் வேண்டும்.

ஃபிளாஷில் டிஷ்யூ ஒட்டலாமா?

போனின் ஃபிளாஷ் மேல் டிஷ்யூ பேப்பரோ செல்லோ டேப்போ ஒட்டினால் வெளிச்சம் மிருதுவாகிவிடும் என்று ஒரு டிப்ஸ் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெளிச்சம் குறையும், அவ்வளவுதான். கடுகு அளவு விளக்கின் மேல் கடுகு அளவு பேப்பர் ஒட்டினால், அது இன்னமும் கடுகுதான். நிழல் ஓரம் மாறாது. அதற்குப் பதில் இன்னொரு போனின் டார்ச்சை வெள்ளைச் சுவரிலோ சார்ட் பேப்பரிலோ அடித்து, அதில் திரும்புகிற வெளிச்சத்தில் எடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

கேமராவில் தனி ஃபிளாஷ் வைத்திருப்பவர்கள், தலையை மேலே திருப்பி சீலிங்கில் அடிப்பது பழைய வழி. ஆனால், கல்யாண மண்டபத்தின் சீலிங் உயரமாக இருந்தால் வெளிச்சம் திரும்பி வருவதற்குள் தேய்ந்துவிடும். பச்சையோ ரோஸோ பெயின்ட் அடித்திருந்தால் மாப்பிள்ளையும் அந்த நிறமாகிவிடுவார். அப்போது ஃபிளாஷின் பின்பக்கம் அஞ்சலட்டையைவிடப் பெரிய வெள்ளை சார்ட் துண்டு ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டி, கொஞ்சம் முன்னால் வளைத்துவிடுங்கள்.

வாசலில் பந்தல் போடுகிறீர்கள் என்றால், பந்தல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "மேல்துணி வெள்ளையா போடுங்கண்ணே." சிவப்பும் மஞ்சளுமாகச் சாமியானா போட்டால் பகல் முழுக்க அந்தச் சாயம் எல்லோர் முகத்திலும் இருக்கும்; எந்த கேமராமேனாலும் ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளைத் துணி போட்டால் வாசல் முழுக்க ஒரு பெரிய ஸ்கிம்மர். கல்யாண வீட்டில் போட்டோவுக்காகச் செய்கிற செலவுகளிலேயே இது ஒன்றுக்குத்தான் காசு கிடையாது.

பழைய ஹாலஜன் விளக்கு, வீடியோக்காரர்கள் முன்பு தூக்கிக்கொண்டு திரிந்த 'சன்கன்' போன்றவை உங்களிடம் இருந்தால் அவற்றின் முன் பட்டர் பேப்பரையோ துணியையோ கட்டவே கட்டாதீர்கள். சீக்கிரமே கருகித் தீப்பிடிக்கும். இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் வெயிலுக்கும் எல்.இ.டி-க்கும் மட்டும்தான்.

சிதம்பரத்தில் கட்டணமில்லாத டிஃப்யூஸர்கள்

நடராஜர் கோயிலின் கருவறைப் பக்கம் கேமராவுக்கு அனுமதி கிடையாது. அது போகட்டும், நான்கு தேர் வீதிகள் இருக்கின்றனவே! கீழ வீதியும் மேல வீதியும் வடக்கு தெற்காக ஓடுகின்றன. காலையில் கிழக்குப் பக்கத்துக் கட்டடங்களின் நிழல் வீதியில் விழும். எதிரே மேற்குப் பக்கத்துச் சுவர்கள் வெயிலில் ஜொலிக்கும். நிழலுக்குள் நின்று அந்தச் சுவரைப் பார்த்து நில்லுங்கள். நாற்பது அடி நீளத்துக்கு ஒரு ரிஃப்ளெக்டர் உங்கள் முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கும். சாயங்காலம் பக்கம் மாறிக்கொள்ளுங்கள். சுவர் வெள்ளையோ இளமஞ்சளோ என்றால் நல்லது. ஃபிளெக்ஸ் பேனர் கட்டிய சுவராக இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

மகா சிவராத்திரியை ஒட்டி 1981-லிருந்து நடந்துவருகிற நாட்டியாஞ்சலிக்கு ஆட வருகிற பிள்ளைகளின் அம்மா அப்பாவுக்கு ஒரு வார்த்தை. மேடையில் ஆடும்போது ஃபிளாஷ் அடிக்காதீர்கள். ஆடுகிற கண்ணுக்கு அது ஊசி. மேக்கப் முடிந்து காத்திருக்கும் நேரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிம்மருக்குப் பின்னால் ஓர் எல்.இ.டி விளக்கை வைத்து, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் கொடுங்கள். அரிதாரம் திட்டுத் திட்டாகத் தெரியாது. ஆனால், மிருது மட்டுமே இருந்தால் நெற்றிச்சுட்டியின் கெம்புக்கல் ஒளிராது. கல்லுக்குப் புள்ளி வெளிச்சம் வேண்டும். துணைக்கு ஒருவர் கொஞ்ச தூரத்திலிருந்து போன் டார்ச்சை மறைப்பில்லாமல் காட்டட்டும். கல் மின்னும், முகம் கெடாது.

சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் பிச்சாவரம். 'இதயக்கனி' காலத்திலிருந்தே கேமராக்கள் விரும்பிப் போகிற இடம். அலையாத்திக் காட்டுக்குள் படகு நுழைந்ததும் இலை இடுக்கு வழியாக வெயில் சில்லுச் சில்லாக விழும். கண்ணுக்கு அது அழகு. போட்டோவில் முகத்தில் தேமல் மாதிரி தெரியும். படகில் பைப் சட்டமெல்லாம் வேண்டாம். வெள்ளைக் குடை ஒன்று, அல்லது எம்பிராய்டரி வளையத்தில் மாட்டிய துணி ஒன்று, முகத்துக்கு மேலே பிடித்தால் போதும். கீழே தண்ணீரே வெளிச்சத்தைத் திருப்பித் தரும்.

அங்கே துணி கட்ட எந்தக் கிளையையும் பிடித்து இழுக்காதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரமும் அந்தக் காட்டில்தான் இருக்கிறது. ஒடித்தால் வடிகிற அதன் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

வெள்ளை என்பது எல்லாம் வெள்ளையா?

வேட்டிக்கு நீலம் போடுகிற பழக்கம் நமக்கு உண்டு. கட்டிக்கொள்ள நல்லது, டிஃப்யூஸருக்கு வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அந்த நீலச் சாயல் மாநிறத்தில் விழுந்தால் முகம் களைத்ததுபோலத் தெரியும். 'பளிச் வெண்மை' என்று விளம்பரம் செய்கிற டிடர்ஜென்ட்களிலும் வெயில் பட்டால் நீலமாக ஒளிர்கிற பொருள் கலந்திருக்கும். இந்த ஒரு வேட்டியை மட்டும் சாதாரண சோப்பில் அலசித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால், ஒரு வெள்ளை ஏ4 தாளை வெயிலில் ஒருமுறை, ஸ்கிம்மரின் நிழலில் ஒருமுறை, போனின் ஒயிட் பேலன்ஸை மாற்றாமல் படமெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துணி என்ன நிறம் கலக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

பட்டுப் புடவை விற்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அரக்கு நிறம் படத்தில் ரோஸாகத் தெரிந்தால் பார்சல் திரும்பி வரும். போய் வந்த கூரியர் காசு உங்கள் கையிலிருந்துதான் போகும்.

பட்டர் பேப்பருக்குக் கடலூர் காற்று ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் இழுத்து அலை அலையாகச் சுருங்கிவிடும். வேலை இல்லாத நாட்களில் பெட்டியை மடித்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோ மேல் வையுங்கள். பேப்பர் மஞ்சளாகத் தொடங்கியதும் கிழித்துவிட்டுப் புதுசு ஒட்டுங்கள். பீச்சுக்குப் போய்வந்த வேட்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். உப்பு ஏறிய துணி விறைத்து, மடிப்புக் கோடுகள் போகவே போகாது. பைப்பை வெயிலில் போட்டு வைத்தால் வளைந்துவிடும். கதவுக்குப் பின்னால் நிற்க வைத்தால் போதும்.